அடுத்த பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்: எந்த ஸ்டிக், எந்த பேட்டரி, எந்தப் பட்டன்?

2025 அக்டோபரில் சோனியின் கன்சோல் வடிவமைப்பாளர் மார்க் செர்னியும் சிப் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ஜாக் ஹுயினும் ஒரு வீடியோவில் தோன்றி, தாங்கள் சேர்ந்து உருவாக்கிவரும் கிராஃபிக்ஸ் தொழில்நுட்பங்களை விளக்கினார்கள். இன்னும் சில ஆண்டுகளில் வரப்போகும் ஒரு கன்சோலில் அவற்றைக் கொண்டுவரும் ஆவல் இருப்பதாக செர்னி சொன்னார். அன்றிலிருந்து பிஎஸ்6 (அடுத்த பிளேஸ்டேஷன்) பற்றிய பேச்செல்லாம் சிப்பைச் சுற்றியே நடக்கிறது. தினமும் நம் கையில் இருக்கப்போகும் கன்ட்ரோலரைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அதைப் பற்றி இப்போதே ஊகிக்கலாம். ஊகிக்கப் போதுமான பிடியும் இருக்கிறது. போட்டி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் விடையை வெளியில் வைத்துவிட்டன. சோனியும், பிஎஸ்5-ன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸின் விலை உயர்ந்த மாடலான டூயல்சென்ஸ் எட்ஜில் ஒரு விடையைச் சோதித்துப் பார்த்துவிட்டது. ஐரோப்பாவில் ஒரு சட்டம் தேதியோடு காத்திருக்கிறது.

என் கட்சி இதுதான்: சோனி இந்த முறை புதிய வித்தை எதையும் சேர்க்க வேண்டாம். 2020-ல் கொடுத்ததையே ஒரு கன்சோலின் ஆயுள் முழுக்க உழைக்கும்படி செய்து கொடுக்கட்டும். ஆனால் சோனியின் பழக்கம் வேறு. 1997-ல் டூயல்ஷாக்கில் இரண்டு ஸ்டிக்கும் அதிர்வும் வந்தன. 2006-ல் சிக்ஸாக்ஸிஸில் அசைவுணர்வு வந்தது. இம்மர்ஷன் நிறுவனத்தோடு காப்புரிமை வழக்கு நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் அதிர்வு காணாமல் போய், டூயல்ஷாக் 3-ல்தான் திரும்பியது. 2013-ல் டச்பேட், லைட் பார், ஷேர் பட்டன். 2020-ல் டூயல்சென்ஸில் ஹாப்டிக்கும் (நுணுக்கமான அதிர்வு) அடாப்டிவ் டிரிகரும் (விரலுக்கு எதிர்ப்புக் காட்டும் டிரிகர்). தலைமுறைக்கு ஒரு புதுமை என்று கணக்கு வைத்து வந்த நிறுவனம், இம்முறையும் மேடையில் காட்ட ஏதாவது தேடும். நாம் கேட்க வேண்டியது மேடையில் காட்ட முடியாத சமாச்சாரங்களை.

ஸ்டிக்: மூன்று வழிகள்

டூயல்சென்ஸின் ஸ்டிக் தொகுதி ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனத்துடையது. தொகுதியின் இரண்டு பக்கங்களில் ஆளுக்கொரு சிறிய பொட்டன்ஷியோமீட்டர் ஒட்டியிருக்கும். ஒன்று இட-வல அசைவுக்கு, மற்றது மேல்-கீழ் அசைவுக்கு. உள்ளே ஒரு கார்பன் பூச்சு, அதன்மேல் உரசிக்கொண்டே நகரும் ஓர் உலோக நாக்கு. நாக்கு எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற மின்னழுத்தம் வெளியே வரும். பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்குமே, அதுவும் இதே சாதனம்தான். கரகரப்புக்குக் காரணமும் இதே தேய்மானமும் தூசும்தான். ரேடியோவில் காதுக்குக் கேட்டது, கன்ட்ரோலரில் கண்ணுக்குத் தெரிகிறது. விரலை எடுத்த பிறகும் கேமரா தானாக ஒரு பக்கம் ஊர்கிறது. இதைத்தான் டிரிஃப்ட் என்கிறோம்.

2021-ல் சாதனங்களைப் பிரித்து ரிப்பேர் வழி சொல்லும் ஐஃபிக்ஸிட் தளம் டூயல்சென்ஸைப் பிரித்துப் பார்த்து ஒரு கணக்குப் போட்டது. அந்தத் தொகுதிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 20 லட்சம் சுழற்சிகள். கால் ஆஃப் டியூட்டி: வார்ஸோன் போன்ற ஓர் ஆட்டத்தில் ஸ்டிக்கை எவ்வளவு அசைக்கிறோம் என்று பார்த்தால், 417 மணி நேரத்தில் அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும். தினமும் இரண்டு மணி நேரம் ஆடுபவருக்கு அது ஏழு மாதம். எண்ணிக்கை தீர்ந்த அன்றே ஸ்டிக் கெட்டுவிடும் என்று அர்த்தமில்லை. நிதானமான ஆட்டங்கள் ஆடுபவர்களின் கையில் வருடக்கணக்கில் ஓடும் டூயல்சென்ஸ்களும் உண்டு. ஆனால் ஏழெட்டு வருடம் விற்கப்போகும் ஒரு கன்சோலுக்கு, மாதக்கணக்கில் ஆயுள் சொல்லப்படும் ஒரு பாகத்தைப் பொருத்துவது என்ன நியாயம்?

இதற்கு முதல் வழி, பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு எளிதாக மாற்ற விடுவது. 2023 ஜனவரியில் வந்த டூயல்சென்ஸ் எட்ஜ் இதைத்தான் செய்தது. பின்னால் இருக்கும் தாழ்ப்பாளைத் தள்ளினால் முன்பக்க மூடி கழன்று வரும். சிறிய நெம்புகோலைத் தூக்கினால் ஸ்டிக் தொகுதி முழுசாக வெளியே வந்துவிடும். சால்டர் இல்லை, ஸ்க்ரூ டிரைவர் இல்லை. அழகான வேலை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அறிமுக விலை 199.99 டாலர், ஒரு தொகுதி 19.99 டாலர். உள்ளே இருப்பது அதே உரசும் பொட்டன்ஷியோமீட்டர். இரண்டு பக்கமும் ஒருமுறை மாற்றினால் கிட்டத்தட்ட 40 டாலர். 2020-ல் ஒரு சாதாரண டூயல்சென்ஸே 69.99 டாலர்தான். தேய்வதை ஒப்புக்கொண்டு, தேய்மானத்தின் செலவை நம் தலையில் கட்டும் ஏற்பாடு இது. தொகுதி கடையில் கிடைக்கும்வரைதான் பலன் என்பது இன்னொரு சிக்கல்.

மைக்ரோசாஃப்டும் ஒரு கட்டத்தில் இதே பக்கம் சாய்ந்தது. 2023 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் வழக்கு ஆவணங்கள் வழியாக வெளியே வந்த ‘செபீல்’ என்ற எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் திட்டத்தில், கழற்றி மாட்டும் ஸ்டிக், மாற்றக்கூடிய ரீசார்ஜ் பேட்டரி, துல்லிய ஹாப்டிக் எல்லாம் இருந்தன. அதில் குறிப்பிட்டிருந்த விலையும் 69.99 டாலர். கழற்றி மாட்டும் ஸ்டிக்கை 200 டாலர் பொருளில்தான் தர முடியும் என்பதில்லை என்று மைக்ரோசாஃப்டின் தாளே சொல்கிறது.

இரண்டாம் வழி ஹால் எஃபெக்ட். எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்த விளைவு. ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம், அதன் அருகே தொடாமல் நிற்கும் ஓர் உணரி. காந்தம் சாயச் சாய உணரியின் மின்னழுத்தம் மாறும். உரசல் இல்லாததால் உணரும் இடத்தில் தேய எதுவும் இல்லை. இது புதிதும் அல்ல. 1998-ல் ஜப்பானில் வெளியான சேகா டிரீம்காஸ்ட்டின் கன்ட்ரோலரிலேயே ஸ்டிக்குக்கும் டிரிகருக்கும் ஹால் உணரிகள்தான். இன்று கூலிகிட், 8பிட்டூ, கேம்சர் போன்ற நிறுவனங்கள் சோனியைவிடக் குறைந்த விலையில் ஹால் ஸ்டிக் கன்ட்ரோலர்களை விற்கின்றன. ‘செலவு அதிகமாகும்’ என்ற வாதம் அதோடு பலவீனமாகிவிட்டது.

குறைகளும் உண்டு. ஹால் உணரிக்கு எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பொட்டன்ஷியோமீட்டரைவிட அதிகம் குடிக்கும். அக்கம்பக்கத்துக் காந்தங்கள் அதைக் குழப்பலாம். டூயல்சென்ஸின் இரு கைப்பிடிகளிலும் இருக்கும் வாய்ஸ் காயில் ஹாப்டிக் மோட்டார்களுக்குள் காந்தம்தான் பிரதானம். சரியாகத் தடுப்பு வைத்து வடிவமைத்தால் தீர்க்கக்கூடிய சிக்கல்தான், ஆனால் சிக்கலே இல்லை என்று சொல்லக் கூடாது. நிண்டெண்டோ 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2-ன் ஜாய்கான் கன்ட்ரோலர்களில் ஹால் ஸ்டிக்கைப் பயன்படுத்தவில்லை. அந்த ஜாய்கான்கள் கன்சோலோடு ஒட்டிக்கொள்வதே காந்தத்தால்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் சுவிட்சின் டிரிஃப்ட்டுக்காக 2020-ல் நிண்டெண்டோவின் தலைவர் ஃபுருகாவாவே மன்னிப்புக் கேட்டிருந்தார். அதற்குப் பிறகும் உரசும் ஸ்டிக்கிலேயே நின்றது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மூன்றாம் வழி டிஎம்ஆர். இதிலும் காந்தம் உண்டு, உணரிதான் வேறு. இரண்டு மெல்லிய காந்தப் படலங்களுக்கு நடுவில் சில அணுக்கள் கனமே உள்ள ஒரு மின்கடத்தாப் படலம். எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிக் கடக்கும். இரு படலங்களின் காந்தத் திசைகளும் ஒத்துப்போனால் எளிதாகக் கடக்கும், எதிரெதிராக நின்றால் தடுமாறும். அந்தத் தடை மாற்றத்தை அளந்தால் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கின் ரீட் ஹெட்டுகளில் பல வருடம் உழைத்த தொழில்நுட்பம் இது. ஹால் உணரியைவிட மிகக் குறைந்த மின்சாரம் போதும், கிடைக்கும் சிக்னலும் பெரிது. 2025 நவம்பரில், ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் அறிவித்த புதிய ஸ்டீம் கன்ட்ரோலர் டிஎம்ஆர் ஸ்டிக்கைத்தான் தேர்ந்தெடுத்தது. பேட்டரி 35 மணி நேரத்துக்கு மேல் வரும் என்கிறது வால்வ்.

மூன்றில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால் நான் டிஎம்ஆரைக் கேட்பேன். எட்ஜின் கழற்றி மாட்டும் வசதியும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் காந்த உணரி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது: ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளரும், ஸ்டிக்கையே உள்ளே அழுத்தும் எல்3 பட்டனின் சுவிட்ச் ஓயும். ஆனால் ஸ்பிரிங் தளர்வதற்கும் கார்பன் தேய்வதற்கும் நடுவில் உள்ள கால இடைவெளி பெரியது. அந்த இடைவெளிதான் வாங்குபவருக்கு லாபம்.

ஸ்டிக் பற்றி இன்னொரு விஷயம் உண்டு, இதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. டூயல்ஷாக் 4-ம் டூயல்சென்ஸும் ஸ்டிக்கின் ஒவ்வோர் அச்சையும் ஒற்றை பைட்டாகத்தான் (8 பிட்) கன்சோலுக்கு அனுப்புகின்றன. 0 முதல் 255 வரை, நடு சுமார் 128. இடப்பக்கத்துக்கு 128 படிகள், வலப்பக்கத்துக்கு 127. அதிலும் டெட்ஸோன் (நடுவில் அசைவைப் பொருட்படுத்தாத பகுதி) கொஞ்சத்தை விழுங்கிவிடும். தூரத்தில் நிற்கும் எதிரியின் தலைமேல் குறியை மயிரிழை நகர்த்தும்போது படிப்படியாகத் தாவுவது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் இடைமுகம் இதே தகவலுக்கு 16 பிட் இடம் ஒதுக்குகிறது. ஆகவே எவ்வளவு நல்ல உணரியை வைத்தாலும், அனுப்பும் வழி அதே 8 பிட் என்றால் பாதிப் பலன் வாசலிலேயே நின்றுவிடும். ஸ்டிக்கை மாற்றும்போது இதையும் அகலப்படுத்த வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது என்றே நினைக்கிறேன்.

ரிப்பேர் மேஜையில்

இப்போதைய நிலைமையில் ஒரு டூயல்சென்ஸ் ஸ்டிக்கை மாற்றுவது எப்படி என்று சென்னை ரிச்சி தெருவில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். நடுவில் இருக்கும் கறுப்புப் பட்டையை நெம்பி எடுக்க வேண்டும். எல்1, ஆர்1 பட்டன்களை மெதுவாகப் பிடுங்க வேண்டும். நான்கு ஸ்க்ரூக்கள், இரண்டு பட்டைக்கு அடியில், இரண்டு அந்தப் பட்டன்களுக்கு அடியில். ஷெல் பிரிந்ததும் பேட்டரி, அதன் தட்டு, டச்பேட் ரிப்பன், மோட்டார் வயர்கள். பிறகுதான் போர்டு. ஸ்டிக் தொகுதி ஒரு டஜனுக்கும் மேற்பட்ட சால்டர் புள்ளிகளில் நிற்கிறது. அத்தனையிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்ச வேண்டும். ஒரு துளையின் செம்பு வளையம் பெயர்ந்து வந்தால் போர்டே போச்சு. புதுத் தொகுதியைப் பற்றவைத்தாலும் வேலை முடியாது: தொழிற்சாலையில் பழைய ஸ்டிக்குக்காகப் பதித்த அளவுகள் கன்ட்ரோலரின் நினைவகத்தில் இருக்கும், அதைப் புதிய ஸ்டிக்குக்கு ஏற்பத் திருத்த வேண்டும். பிரவுசரிலேயே இயங்கும் ஒரு திருத்தும் கருவியை ஆர்வலர்கள் உருவாக்கிக் கொடுத்ததால்தான் இன்று சிறிய கடைகளிலும் இது சாத்தியமாகிறது.

கைதேர்ந்த ஒருவர் இத்தனையையும் நிதானமாகச் செய்து முடிப்பதைப் பார்க்க மரியாதை வருகிறது. ஆனால் சில ரூபாய் பாகத்துக்காக இவ்வளவு வேலை வேண்டியதில்லை. அளவு திருத்தும் வசதியை கன்சோலின் செட்டிங்ஸிலேயே சோனி கொடுத்திருக்கலாம். அடுத்த முறையாவது கொடுக்க வேண்டும்.

பேட்டரி: சட்டமே பாதி முடிவு செய்துவிட்டது

டூயல்ஷாக் 4-ன் பேட்டரி 1000 எம்ஏஎச். டூயல்சென்ஸில் அது 1560 ஆனது. ஆனாலும் பத்து மணி நேரத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. டிரிகரும் ஹாப்டிக்கும் அதிகம் வேலை செய்யும் ஆட்டங்களில் அதுவும் வராது. எட்ஜில் 1050-க்குச் சுருங்கியது, அது இன்னும் மோசம். அதே சமயம் நிண்டெண்டோ சுவிட்ச் ப்ரோ கன்ட்ரோலர் 1300 எம்ஏஎச்சில் சுமார் 40 மணி நேரம் ஓடுகிறது. பேட்டரியின் அளவைவிட, மின்சாரம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. டிரிகர் மோட்டார்கள், ஹாப்டிக், ஸ்பீக்கர், மைக், லைட் பார் எல்லாம் ஒரே கிணற்றில் இறைக்கின்றன.

இங்கே வழிகள் மூன்று: எக்ஸ்பாக்ஸ் போல ஏஏ செல்கள், இப்போது போல உள்ளே பூட்டிய பேட்டரி, பயனரே கழற்றி மாற்றும் லித்தியம் பேட்டரி. ஏஏ வழியில் எனக்குப் பிடித்த அம்சம், பத்து வருடம் கழித்தும் பெட்டிக்கடையில் செல் கிடைக்கும். ஆனால் டூயல்சென்ஸின் பசிக்கு இரண்டு ஏஏ செல்கள் கட்டுப்படியாகாது. உள்ளே பூட்டும் வழிக்கு ஐரோப்பிய ஒன்றியம் கதவடைக்கிறது. 2023/1542 என்ற பேட்டரி ஒழுங்குமுறையின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் சாதனங்களின் சிறு பேட்டரிகளைப் பயனரே எளிதாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். பொதுவாகக் கடையில் கிடைக்கும் கருவிகள் போதுமானதாக இருக்க வேண்டும். அந்த மாடலின் கடைசிப் பிரதி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது ஐந்து வருடம் மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும். விலக்குகள் சில உண்டு, ஆனால் கேம் கன்ட்ரோலர் அவற்றில் வராது என்றே நினைக்கிறேன்.

டூயல்சென்ஸின் பேட்டரி பசை போட்டு ஒட்டப்பட்டது அல்ல; பிளக்கை உருவினால் வந்துவிடும். வம்பெல்லாம் அதைச் சென்றடையும் வழியில்தான், மேலே சொன்ன பட்டை, பட்டன், ஸ்க்ரூ சடங்குகளில். அடுத்த கன்ட்ரோலரின் பின்பக்கத்தில் ஒரு சின்ன மூடி வரும் என்று பந்தயம் கட்டுவேன். ஐரோப்பாவுக்கு ஒரு அச்சு, மற்ற நாடுகளுக்கு வேறு அச்சு என்று சோனி செய்யாது. பிரஸ்ஸல்ஸில் எழுதிய சட்டத்தின் பலன் நம் ஊர்க்காரர்கள் கைக்கும் வந்து சேரும்.

டிரிகரும் பின் பட்டனும்

அடாப்டிவ் டிரிகரை எடுத்துவிடுங்கள், பேட்டரி மிச்சமாகும், விலை குறையும் என்பவர்கள் உண்டு. போட்டி ஷூட்டர் ஆடுபவர்கள் முதல் வேலையாக அதை செட்டிங்ஸில் அணைத்துவிடுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 2021-ல் வந்த ரிட்டர்னல் ஆடிப் பாருங்கள். எல்2-வைப் பாதி அழுத்தினால் குறி, விரலுக்குக் கீழே ஒரு படி தட்டுப்படும், அதையும் தாண்டி அழுத்தினால் மாற்று ஆயுதம். ஒரு பட்டனில் இரண்டு வேலை, கண்ணால் பார்க்காமலே விரல் பிரித்தறிகிறது. இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. தவிர, பிஎஸ்5 ஆட்டங்கள் பிஎஸ்6-ல் ஓட வேண்டும் என்றால், அவற்றில் எழுதி வைத்த டிரிகர் உணர்வுகளும் ஓடத்தானே வேண்டும்? எட்ஜில் இருக்கும் டிரிகர் தூரத்தைக் குறைக்கும் தாழ்ப்பாளைச் சாதாரண மாடலுக்கும் கொடுத்தால் இரு தரப்பும் திருப்தி அடையும்.

பின் பட்டன் விஷயத்தில் தயக்கத்துக்கே இடமில்லை. 2020 ஜனவரியில், டூயல்ஷாக் 4-ன் கடைசிக் காலத்தில், பின் பட்டன் இணைப்பு ஒன்றை சோனியே தனியாக விற்றது. அதே வருடம் வந்த டூயல்சென்ஸில் அது இல்லை. பிறகு 200 டாலர் எட்ஜில் திரும்பி வந்தது. இதற்குள் வால்வின் ஸ்டீம் டெக்கில் நான்கு பின் பட்டன்கள், சுவிட்ச் 2 ப்ரோ கன்ட்ரோலரில் இரண்டு. கட்டைவிரலை ஸ்டிக்கிலிருந்து எடுக்காமலே குதிக்கவும் திரும்பவும் முடிவது திறமைசாலிகளுக்கு மட்டுமான ஆடம்பரம் இல்லை. கட்டைவிரலை நகர்த்தச் சிரமப்படுபவர்களுக்கு அது ஆட முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம். 2023 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆக்சஸ் கன்ட்ரோலரைக் கொண்டுவந்த நிறுவனத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பட்டன், எல்லா மாடலிலும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. ஸ்டிக்குகள் இரண்டும் கீழே, சமச்சீராகவே இருக்கும். 1997 முதல் அதுதான் பிளேஸ்டேஷனின் முகம். 2005-ல் பிஎஸ்3-க்காகக் காட்டிய பூமராங் வடிவத்தை வந்த கேலியைப் பார்த்துக் கைவிட்ட பிறகு, உருவத்தில் துணிந்து கைவைக்க சோனி யோசிக்கும். டச்பேட் போகாது, பிஎஸ்4 காலம் முதல் அதை ஒரு பட்டனாக நம்பியிருக்கும் ஆட்டங்கள் ஏராளம். நடுவில் திரை வைப்பது பற்றி அவ்வப்போது பேச்சு கிளம்பும். நிண்டெண்டோவின் வீ யூ கேம்பேட் 6.2 அங்குலத் திரையோடு வந்து மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் மூச்சு வாங்கியது. வேண்டவே வேண்டாம்.

இப்போது வாங்கலாமா, காத்திருக்கலாமா?

பிஎஸ்5-ல் டூயல்ஷாக் 4 வேலை செய்யும், ஆனால் பிஎஸ்4 ஆட்டங்களுக்கு மட்டும். பிஎஸ்5 ஆட்டங்களுக்கு டூயல்சென்ஸ் கட்டாயம். எக்ஸ்பாக்ஸில் நேர்மாறு, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்கள் அடுத்து வந்த சீரிஸ் எக்ஸிலும் முழுமையாக ஓடின. சோனி தன் பழைய வழியையே பின்பற்றினால், இன்று வாங்கும் டூயல்சென்ஸும் எட்ஜும் பிஎஸ்6-ன் புதிய ஆட்டங்களுக்கு உதவாது. ஆகவே ‘பிஎஸ்6-க்கும் ஆகும்’ என்று நினைத்து எட்ஜ் வாங்காதீர்கள். பிஎஸ்5-ல் இன்னும் இரண்டு மூன்று வருடம் தீவிரமாக ஆடப்போகிறீர்கள், பின் பட்டன் அவசியம் என்றால் மட்டும் அந்த விலை தகும்.

இருக்கும் டூயல்சென்ஸில் டிரிஃப்ட் வந்துவிட்டதா? வாரன்ட்டி இருந்தால் திறக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். வாரன்ட்டி முடிந்திருந்தால், அதே பொட்டன்ஷியோமீட்டரைத் திரும்பப் போடச் சொல்லாமல், டூயல்சென்ஸ் போர்டுக்குப் பொருந்தும் டிஎம்ஆர் தொகுதியைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது, அளவு திருத்தித் தரச் சொல்வதும் முக்கியம். கணினியில் மட்டும் ஆடுபவர் என்றால் ஹால் அல்லது டிஎம்ஆர் ஸ்டிக் உள்ள வேறு நிறுவனத்தின் கன்ட்ரோலரையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பிஎஸ்5-ல் நேரடியாக வேலை செய்யாது, வாங்குமுன் அட்டையைப் படித்துவிடுங்கள்.

பிஎஸ்6 வந்ததும் பெட்டியில் வரும் ஒரு கன்ட்ரோலரோடு தொடங்குங்கள். இரண்டாவதை உடனே வாங்க வேண்டாம். வெளியான சில நாட்களில் யாராவது அதைப் பிரித்துக் காட்டுவார்கள். ஸ்டிக் தொகுதியின் பக்கத்தில் பொட்டன்ஷியோமீட்டர் ஒட்டியிருக்கிறதா, காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் இருந்தால் அன்றே இரண்டாவதை ஆர்டர் செய்யலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தை ரிப்பேருக்கு எடுத்து வையுங்கள்.